சாப்பாட்டுப் பெட்டியும் என் சட்டியும்

திருகோணமலைக்கு இடமாற்றம் கிடைத்து நான் வந்தது 2023 தை மாதம். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மட்டக்களப்பில். மூத்தவளுக்கு அந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை என்பதால் அவர்களைப் பெயர்த்துக்கொண்டு வர மனம் வரவில்லை. உப்புவெளியில் ஒரு வீட்டின் பின்பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்தேன். ஓர் அறை, குளியலறை, சின்னதாக ஒரு குசினி. கணிதம் படிப்பிக்கிறேன், வயது அப்போது 41. அதுவரை என் கையால் செய்தது தேத்தண்ணியும் முட்டைப் பொரியலும் மட்டும்தான். அந்தக் குசினியில் முதல் எட்டு மாதம் நான் கேத்தலைத் தவிர வேறொன்றும் வைக்கவில்லை.

காலையில் வீதியோரக் கடையில் பத்து இடியப்பம், சம்பல், சொதி. இடைவேளைக்கு ரோல்ஸ், சீனி போட்ட பால்தேத்தண்ணி. மத்தியானம் சோத்துப் பார்சல். இரவு கொத்து, இல்லையென்றால் பரோட்டா. இடமாற்றத்தில் தனியாக இருக்கிற ஆண்கள் எல்லாருடைய நாளும் அநேகமாக இப்படித்தான் போகிறது, அதனால் அதில் பிழை இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. பிறகு ஒருநாள் தராசு வாங்கினபோது அதே கடைப் பார்சல் ஒன்றைப் பிரித்து நிறுத்துப் பார்த்தேன், சோறு மட்டும் 520 கிராம். ஆக்கின சோறு நூறு கிராமில் சுமார் 28 கிராம் மாச்சத்து இருக்கும். அப்படியென்றால் ஒரு நேரத்திலேயே 145 கிராம். அதற்குப் பிறகு பின்னேரம் வகுப்பு எடுக்கும்போது ஏன் கண் செருகியது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

ஆவணியில் காலில் ஒரு சின்னக் காயம் ஆற மூன்று கிழமை எடுத்தது. மருத்துவர் இரத்தம் பார்க்கச் சொன்னார். வெறும் வயிற்றுச் சீனி 118. மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி 6.2. பிறஷர் 146க்கு 92. அவர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார்: வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை எல்லைக்கோடு, 126 தொட்டால் சீனி வருத்தம், எச்பிஏ1சி என்றால் 5.7 முதல் 6.4 வரை எல்லை, 6.5இல் வருத்தம். "இன்னும் குளிசை தொடங்கேல்ல, சாப்பாட்டைத் திருத்திப்போட்டு வாங்க, பார்ப்பம்" என்றார். எப்படித் திருத்துவது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நானாகச் சமைக்கிறவனாக இருந்தால்தானே திருத்துவதற்கு.

கூடப் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஓர் எண்ணை அனுப்பினார். நகரத்தில் ஒரு வீட்டில் சமைத்து, எண்ணெய் குறைத்து, சிவப்பரிசிச் சோறும் மரக்கறியுமாகப் பெட்டியில் போட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து தருகிறார்கள். மத்தியானம் 600 ரூபா, இரவு 450. ஞாயிறு இல்லை. மாதம் 26 நாள் கணக்குப் பார்த்தால் 27,300 வரும். கடையில் இரண்டு நேரத்துக்கும் எனக்கு முடிந்தது 19,500 அளவில். எட்டாயிரம் ரூபா கூட என்பது வீட்டுக்குக் காசு அனுப்புகிற ஆசிரியனுக்குச் சின்னக் காசு இல்லை. மனைவிதான் சொன்னா, "அந்தக் காச மருந்துக் கடையில குடுக்கிறதா, சாப்பாட்டுக்குக் குடுக்கிறதா?" என்று. சரி என்று தொடங்கினேன்.

அந்த நான்கு மாதமும் எனக்கு நல்லது செய்தது. இதை முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் வீட்டுச் சமையலைப் புகழ்கிறவர்கள் இப்படிப் பெட்டியில் வருகிற கட்டிச் சாப்பாட்டை ஒரேயடியாகத் தள்ளிப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். பெட்டியில் மூன்று தட்டு இருக்கும். பெரிய தட்டில் மரக்கறி இரண்டு வகை, நடுத்தரத்தில் மீனோ முட்டையோ கடலையோ, இருக்கிறதிலேயே சின்னத் தட்டில்தான் சோறு. முதல் நாள் அந்தச் சோற்றைப் பார்த்து இது என் மகனுக்குப் போட்டதாக்கும் என்று நினைத்தேன். முதல் கிழமை நாலு மணிக்கெல்லாம் பசி வயிற்றைக் கிள்ளியது, கச்சான் கொட்டை ஒரு பிடி சாப்பிட்டுச் சமாளித்தேன். இரண்டாம் கிழமை பசி அடங்கிவிட்டது. வல்லாரைச் சம்பல், கோவா வறை, பயிற்றங்காய்ப் பால்கறி, முளைகட்டிய பயறு என்று கடையில் நான் கை நீட்டாத சாமான்கள் எல்லாம் தட்டில் வந்தன, வந்தபடியால் சாப்பிட்டேன். மார்கழி தொடக்கத்தில் நிறை நான்கு கிலோ குறைந்திருந்தது. வெறும் வயிற்றுச் சீனி 107.

ஆனால் பிறஷர் அசையவில்லை. 142க்கு 90. உப்புக் குறைக்கச் சொன்னார்கள், நான் உப்புப் போடுகிறவனே இல்லையே, பெட்டியில் வருவதைத்தானே சாப்பிடுகிறேன். அந்த வீட்டில் சமைக்கிற சகோதரிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். மறைக்காமல் சொன்னா. நாற்பது பேருக்குச் சமைக்கிறோம் சேர், உப்புக் குறைந்தால் பாதிப் பேர் அடுத்த மாதம் நிற்பாட்டிவிடுவார்கள், வறைக்கு ஒரு சூப் கட்டி போடுவோம், கோழிக்கு சோயா சோஸ் போடுவோம். அவவில் எனக்குக் கோபம் வரவில்லை. நாற்பது நாக்குக்கு ஒரு சட்டியில் சமைத்தால் அப்படித்தான் வரும். எண்ணெயைக் குறைத்தால் ருசிக்கு வேறொன்றைக் கூட்டவேண்டும், அது அநேகமாக உப்பு அல்லது சீனி.

சீனியையும் நானே கண்டுபிடித்தேன். விரலில் குத்திப் பார்க்கிற மீற்றர் ஒன்று வாங்கியிருந்தேன். மீன் கறியும் சோறும் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் 138, அதே அளவு சோற்றோடு சுட்ட கோழி வந்த நாள் 171. மூன்று தரம் பார்த்தேன், மூன்று தரமும் அப்படித்தான். கேட்டதற்கு, தக்காளி சோஸும் தேனும் பூசிச் சுடுகிறோம், தேன் உடம்புக்கு நல்லதுதானே என்றா. தேன் நல்லதோ இல்லையோ, இரத்தத்துக்குள் போனபிறகு அதுவும் சீனிதான். நான் சொன்னபிறகு எனக்கு மட்டும் பூசாமல் அனுப்பினா. கட்டிச் சாப்பாடு எடுக்கிறவர்கள் யாராக இருந்தாலும் ஒரு மீற்றர் வாங்கி, சந்தேகமான சாப்பாட்டுக்குப் பிறகு பாருங்கள். சோடாப் போத்தலில் எவ்வளவு சீனி என்று காட்ட 2016 முதல் நிறக்குறி இருக்கிறது. வீட்டிலிருந்து வருகிற பெட்டியில் ஒரு குறியும் இல்லை, "ஹெல்தி" என்ற ஸ்டிக்கர் மட்டும்தான் இருக்கும்.

அடுத்தது வெயில். பெட்டி பள்ளிக்கூடத்துக்கு வருவது காலை 11.15. எனக்குப் பின்னேர வகுப்பு இருக்கிற நாளில் சாப்பிட இரண்டு மணி ஆகும். அதுவரை அது தகரக் கூரை போட்ட அறையில் மேசையில் கிடக்கும். புரட்டாதியில் கச்சான் காற்று அடித்துக் கொளுத்துகிற நாளொன்றில் பருப்பு லேசாக நுரைத்திருந்தது, பசியில் கவனிக்காமல் சாப்பிட்டேன். இரண்டு நாள் வயிற்றோட்டம், லீவு. சமைத்த சாப்பாட்டை அறைச் சூட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது பொதுவான விதி, திருகோணமலை வெயிலில் அதையும் குறைத்துக்கொள்வதுதான் புத்தி. தேங்காய்ப்பால் விட்ட கறிதான் முதலில் பழுதாகும். இதில் கொண்டுவந்தவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, நேரத்தோடு கொண்டுவந்தார்கள், நான்தான் வைத்திருந்தேன்.

கடைசியில் மழை வந்தது. மார்கழியில் வாடை தொடங்கி வீதியெல்லாம் தண்ணீர், மோட்டார் சைக்கிள் ஓடமுடியாது என்று மூன்று நாள் நின்றது. அதோடு அந்தச் சகோதரி ஊருக்குப் போகவேண்டி வந்து பத்து நாள் அடுப்பை மூடினா. அன்றிரவே நான் குடையைப் பிடித்துக்கொண்டு கொத்து வாங்கப் போனேன். கடையில் தகடு அடிக்கிற சத்தத்தில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் அது உறைத்தது: நான்கு மாதம் நல்ல சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன், அதில் ஒன்றையாவது செய்ய எனக்குத் தெரியாது. எவ்வளவு சாப்பிடவேண்டும் என்று பெட்டி காட்டித் தந்தது. அது எப்படி அந்த அளவில், அந்த ருசியில் வந்தது என்பது என் கைக்கு வரவேயில்லை.

வீட்டுக்கார அன்ரியிடம் போய்க் கேட்டேன். அங்கிளுக்கு இருபது வருடச் சீனி வருத்தம், இடது காலில் இரண்டு விரல் எடுத்தாயிற்று. அவருக்குத் தனிச் சட்டியில் சமைத்துச் சமைத்து அன்ரிக்கு எந்தக் கறியிலும் எதைக் குறைக்கலாம், எதைக் குறைத்தால் கறியே இல்லாமல் போகும் என்பது அத்துப்படி. எனக்கும் சேர்த்து ஆக்கித் தாங்க, காசு தாறன் என்றேன். "நான் ஆக்கித் தந்தா நீங்க பழகமாட்டீங்க தம்பி. சட்டியக் கொண்டு வாங்க, பக்கத்துல நிண்டு பாருங்க" என்றா.

இதற்கு முன் நானாக ஒரு தரம் முயன்று தோற்றிருந்தேன், அதையும் சொல்லவேண்டும். யூடியூப்பில் பார்த்து ஒரே பின்னேரத்தில் மீன் குழம்பு, வறை, சொதி மூன்றும் செய்ய வெளிக்கிட்டேன். வெங்காயம் வெட்டி முடிக்கவே முக்கால் மணித்தியாலம். ஒன்றைப் பார்க்க மற்றது அடிப்பிடித்தது. மீன் கரைந்து முள்ளும் குழம்புமாகக் கிடந்தது. ஒன்பதரைக்கு எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டுப் படுத்தேன். தொடங்குகிற அநேகம் பேர் நின்றுபோகிற இடம் இது என்று நினைக்கிறேன், இதற்குப் பிறகு சமையல் என்றாலே மலைப்பாகிவிடும். இதைக் கேட்ட அன்ரி சொன்னது, "ஒரு கிழமைக்கு ஒரு கறி. மிச்சத்தக் கடையில வாங்குங்க, பரவாயில்ல." எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி இந்த ஒரு சொல்தான். ஒரு கிழமை முழுக்கப் பருப்பு மட்டும் நான் ஆக்கினேன், மீனும் மரக்கறியும் வெளியிலிருந்து வந்தன.

பருப்பிலேயே படிக்க நிறைய இருந்தது. அரைக் கோப்பை மைசூர்ப் பருப்பை நுரை போகக் கழுவி, மூன்று பங்கு தண்ணீர், மஞ்சள், உள்ளி நாலு பல்லு, பச்சை மிளகாய், வெங்காயம் போட்டு அவிய விடுவது. உப்பு மசிந்தபிறகுதான். தேங்காய்ப்பால் எல்லாவற்றுக்கும் பிறகு, தணலைக் குறைத்து, இரண்டு கரண்டி. முதலிலேயே உப்பைப் போட்டால் தண்ணீர் வற்ற வற்ற உப்புக் கூடும், பிறகு எடுக்க முடியாது. கடைசியில் போட்டால் ருசி பார்த்துக் குறைவாகப் போடலாம். அன்ரி எல்லாம் கண்ணளவு, கையளவு. எனக்கு அது பிடிபடவில்லை. அவ கையில் எடுத்ததை என் தேக்கரண்டியில் கொட்டச் சொல்லி அளந்து கொப்பியில் எழுதினேன். முதலில் அவவுக்கு எரிச்சல், பிறகு அவவே "இதையும் அளங்க" என்று நீட்டத் தொடங்கினா.

இரண்டாம் கிழமை முருங்கையிலை வறை. இலை ஆய இருபது நிமிடம் போவதைப் பார்த்து இது வேலைக்குப் போகிறவனுக்குச் சரிவராது என்று நினைத்தேன். கொப்பை இரவில் துணியில் சுற்றி வைத்தால் காலையில் உதறினவுடன் இலை கொட்டும் என்று காட்டினா. தாச்சியை மூடக்கூடாது, மூடினால் பச்சை மாறிக் கறுக்கும். தேங்காய்ப்பூ அடுப்பை நிறுத்துவதற்கு இரண்டு நிமிடத்துக்கு முன். மூன்றாம் கிழமை சொதி, அது எனக்கு நாலு தரம் திரைந்தது. பால் விட்டபிறகு கொதிக்க விட்டேன், அல்லது தேசிக்காயை அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தேன். அம்மாவுக்கு மட்டக்களப்புக்கு எடுத்துக் கேட்டால், "மனே, பால் விட்டாப் பிறகு அகப்பையால ஆத்திக்கொண்டே நில்லு, பொங்க வர முதல் இறக்கு, புளி இறக்கின பிறகுதான்" என்றா. நாற்பது வருடம் அவ கையால் சொதி சாப்பிட்டிருக்கிறேன், அவ அடுப்படியில் ஆற்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்தும் இருக்கிறேன். ஏன் ஆற்றுகிறா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மீன் விஷயத்தில் திருகோணமலையில் இருக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கடல் அமைதியான மாதங்களில் அலஸ்தோட்டம் பக்கம் காலையில் கரைவலை இழுப்பார்கள், அங்கே போனால் கீரி, சூடை, சாளை எல்லாம் துடிக்கத் துடிக்க வாங்கலாம். அறக்குளாவுக்குக் கொடுக்கிற காசில் சூடை மூன்று மடங்கு வரும், இதயத்துக்கு நல்ல கொழுப்பு இந்தச் சின்ன மீன்களில் தாராளம். முள்ளுக்குப் பயந்து விடாதீர்கள், புளி கொஞ்சம் கூட விட்டுச் சின்னத் தணலில் ஒரு மணித்தியாலம் கிடந்தால் முள் மெத்தென்றாகிவிடும். கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் இருக்கவேண்டும், விரலால் அமத்தினால் குழி விழக்கூடாது, இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சூரைக்கு மட்டும் வேறு கவனம் வேண்டும். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்கிற பொருள் ஊறும், அது எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து உடம்பு கடிக்கும், தலை இடிக்கும். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கு அப்படி வந்து மீன் ஒவ்வாமை என்று நினைத்து இரண்டு வருடம் மீனையே விட்டிருந்தார். சூரை என்றால் ஐஸுக்குள் கிடந்ததைப் பார்த்து எடுங்கள், வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன் வெட்டிக் கழுவிப் பிரிட்ஜில் வையுங்கள். மீன் குழம்பை அகப்பை போட்டுக் கிண்டாமல் சட்டியின் இரண்டு பக்கமும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் துண்டு உடையாது.

உப்புக்கு நான் ஒரு கணக்கு வைத்தேன், பிறஷர் இருக்கிறவர்கள் இதைச் செய்து பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிக்குள். கிழமைக்கு 35. பாண், பிஸ்கட், வெளிச் சாப்பாடு என்று நாம் போடாமலேயே வருகிற உப்புக்கு பத்தைக் கழித்து, ஞாயிறு காலை 25 கிராமைத் தராசில் நிறுத்து ஒரு சின்னப் போத்தலில் போட்டேன். அந்தக் கிழமைக்கு அவ்வளவுதான். முதல் கிழமை வியாழக்கிழமையே போத்தல் காலி. பெரிய உப்புப் பைக்கற்றைத் திறக்கக்கூடாது என்ற பிடிவாதத்தில் வெள்ளியும் சனியும் தேசிக்காயும் மிளகும் வறுத்த சீரகமும் போட்டுச் சாப்பிட்டேன், வெள்ளிக்கிழமை மரக்கறிதானே, புளிப்பில் சமாளிக்கலாம். மூன்றாம் கிழமை சனிவரை வந்தது. ஆறாம் கிழமை மிச்சம் இருந்தது. நாக்கு மாற ஒரு மாதம் எடுக்கிறது, அதற்குள் விட்டுவிடாதீர்கள். நெத்தலிக் கருவாடு என்றால் எனக்கு உயிர். அதை இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு தரம் ஊறவிட்டுப் பிழிந்து, பிறகு உப்பே போடாமல் வெங்காயத்தோடு பிரட்டிக் கிழமைக்கு ஒரு நாள் சாப்பிடுகிறேன்.

பழைய பெட்டி ஒன்றை நான் எறியவில்லை. ஆக்கின சோற்றை இன்றுவரை அந்தச் சின்னத் தட்டில் போட்டு அளந்துதான் கோப்பையில் கொட்டுகிறேன், 150 கிராம் பிடிக்கும். அளவைக் கற்றுத்தந்தது அந்தப் பெட்டி. சமைக்கத் தெரிந்த பிறகும் அது இல்லாவிட்டால் கை தானாகப் பழைய அளவுக்குப் போகிறது, நல்ல கறி வைத்த நாளில் இன்னும் கூடப் போகிறது. வீட்டில் சமைத்தால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன், வீட்டுச் சோறும் சோறுதான். குரக்கனும் அப்படித்தான். சீனி வருத்தத்துக்குக் குரக்கன் என்று சொல்லி இரவில் ஒரு நீத்துப்பெட்டி பிட்டை முழுதாகச் சாப்பிடுகிற ஆட்களை எனக்குத் தெரியும். குரக்கனில் கல்சியம் நிறைய, நார் உண்டு, நல்ல தானியம்தான், ஆனால் அதன் நிறையில் மூன்றில் இரண்டு பங்களவு மாச்சத்து. மாவாக அரைத்தபிறகு அது வேகமாகவே ஏறும். நான் அரைக் கோப்பை பிட்டோடு ஒரு முட்டை, ஒரு பெரிய கோப்பை கீரை என்று சாப்பிட்டபோது மீற்றர் 134 காட்டியது, பிட்டும் வாழைப்பழமும் என்று சாப்பிட்ட நாளில் 180ஐத் தாண்டியது.

காசைச் சொல்கிறேன். 2024 மாசியிலும் பங்குனியிலும் வாங்கின ஒவ்வொன்றையும் எழுதிவைத்தேன். இரண்டு நேரச் சாப்பாட்டுக்கு மாதம் 16,500 அளவில் வந்தது, காஸும் சேர்த்து. 5 கிலோ சிலிண்டர் ஒன்று எனக்கு ஐந்து கிழமைக்குப் போகிறது. கட்டிச் சாப்பாட்டைவிடப் பத்தாயிரத்துக்கு மேல் மிச்சம். ஆனால் தொடக்கத்தில் சட்டி, தாச்சி, கத்தி, தராசு, ரைஸ் குக்கர் என்று பதினோராயிரம் போனது. முதல் மாதம் பழுதாகி எறிந்த மரக்கறிக்கும் காசுதான், கீரையை ஒரு கிழமைக்கு வாங்கி வைக்கிற பிழையை நானும் செய்தேன். கீரை இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். கத்தரி, பயிற்றங்காய், பூசணி நாலு நாள் நிற்கும். நிலாவெளிப் பக்கத்துச் சின்ன வெங்காயம் காற்றுப் படத் தொங்கவிட்டால் மாதக் கணக்கில் நிற்கும்.

நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். நாளுக்கு ஒன்றே கால் மணித்தியாலம், ஞாயிறு இரண்டு, சந்தைக்கு ஒன்று. கிழமைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல். பிள்ளைகள் சின்னனாக இருக்கிற, இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் இந்தப் பத்து மணித்தியாலம் அநேகமாக ஒரு பெண்ணின் தலையில்தான் விழுகிறது. வீட்டில் சமைத்தால் மலிவு என்று சொல்லும்போது அந்த உழைப்புக்கு ஒரு சதமும் போடாமல்தான் கணக்குப் பார்க்கிறோம். பழகுவதென்றால் வீட்டில் எல்லாரும் பழகவேண்டும். விடுமுறைக்குப் போகும்போது பத்து வயது மகனுக்குப் பருப்புக் காட்டிக்கொடுத்தேன், இப்போது அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியே வைக்கிறான், மனைவி அந்த நேரம் பேப்பர் வாசிக்கிறா.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் செய்தது ஒரு சின்ன மாற்றம்தான். பின்னேர வகுப்பை மூன்று மணிக்குத் தள்ளினேன். ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் அறைக்கு வந்து, முதல்நாள் இரவு பிரிட்ஜில் வைத்ததை ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன். சோற்றை இரவு முழுக்கக் குக்கரில் விட்டுவைக்கிற பழக்கத்தை விட்டேன், ஆறின சோற்றில் வளர்கிற கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆக்கினவுடன் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜ். ஞாயிறன்று ஒரு தேங்காயைத் திருவி மூன்று பொட்டலமாகக் கட்டி உறையவைக்கிறேன், கடலை ஒரு சட்டி அவிக்கிறேன், கறித்தூள் முடிந்திருந்தால் வறுக்கிறேன். களைத்துப்போய் வருகிற நாளுக்கு என்று ஒரு சாப்பாடு வைத்திருக்கிறேன்: பருப்பு, அவித்த முட்டை, கரட் சம்பல். இருபத்தைந்து நிமிடம். கொத்துக் கடைக்குப் போய் வர எடுக்கிற நேரமும் அதேதான்.

2024 சித்திரையில் பார்த்தபோது பிறஷர் 132க்கு 84, வெறும் வயிற்றுச் சீனி 99, எச்பிஏ1சி 5.8. பின்னேரம் உள்துறைமுக வீதியால் நடக்கத் தொடங்கியிருந்ததும் இதில் சேரும், சமையல் மட்டும் செய்த வேலை என்று சொல்லமாட்டேன். ஏற்கெனவே குளிசை குடிக்கிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுத் தாங்களாகச் சோற்றைக் குறைக்காதீர்கள், சீனி சடாரென்று கீழே இறங்கிவிடும், மருத்துவரிடம் சொல்லிக் குளிசை அளவையும் பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

அந்தச் சகோதரியிடம் இப்போதும் புதன்கிழமை மத்தியானம் எடுக்கிறேன், தவணைப் பரீட்சைத் தாள் திருத்துகிற இரண்டு கிழமையும் முழுதாக எடுக்கிறேன். ஒரு மாற்றம், நான் இப்போது கேட்டு எடுக்கிறேன். சோறு எத்தனை கிராம், எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கினது, பூசின சோஸில் என்ன இருக்கு, உப்புப் போட முதல் எனக்கு ஒரு கரண்டி வறையைப் புறம்பாக எடுத்துவைக்க ஏலுமா. சமைக்கத் தெரிந்தபிறகுதான் இந்தக் கேள்விகள் எனக்கு வந்தன, முதலில் என்ன கேட்பதென்றே தெரியாது. அவவும் இப்போது ஏழெட்டுப் பேருக்கு உப்புக் குறைத்துத் தனிச் சட்டி வைக்கிறா.

இந்தப் பங்குனியில் வவுனியாவிலிருந்து ஒரு தம்பி இடமாற்றமாகி வந்திருக்கிறார், விஞ்ஞானம் படிப்பிக்கிறார், வயது 29. மத்தியானம் பார்சலைப் பிரிக்கும்போது பார்த்தேன், அதே அளவு சோறு. சாப்பாட்டு எண்ணைக் கேட்டார், கொடுத்தேன், இரண்டு மாதம் எடுங்கள், பெட்டியை எறியாதீர்கள் என்றும் சொன்னேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அலஸ்தோட்டத்தில் வலை இழுக்கிற இடத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவரிடம் இன்னும் சட்டி இல்லை. என்னிடம் இரண்டு இருக்கிறது.